பெயரைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டிலும் சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டைகளிலும், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி வரையிலும் ஆள் எடுக்கிற எச்.ஆர். அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆள் அனுப்புகிற கன்சல்டன்சிக்காரர்களுக்கும், லேபர் கான்ட்ராக்டர்களுக்கும்,



இன்டர்வியூவில் தேறி, மெடிக்கல் முடிந்து, கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்துக்கு வரும் என்பதுவரை கேட்டு வைத்துக்கொண்ட ஒரு பையனுக்கு, அதற்குப் பிறகு உங்களிடமிருந்து போனே வராமல் போவது இங்கே சகஜமாகிவிட்டது. அவனாகக் கூப்பிட்டால் "ப்ராசஸ்ல இருக்குப்பா" என்று பதில் வரும். மறுவாரம் கூப்பிட்டால் அதுவும் வராது. கன்சல்டன்சியில் போய் நின்றால் "பேக்ரவுண்டு செக்ல நெகட்டிவ்" என்பார்கள். எது நெகட்டிவ், எங்கே நெகட்டிவ் என்று கேட்டால் அங்கே இருப்பவருக்கும் தெரியாது. உங்களில் யாரோ, அல்லது உங்களுக்காகப் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் யாரோ, அவன் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தபோது ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

அப்படி வந்ததை அவனிடம் ஒரு தடவை காட்டுங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள், பிறகு முடிவு எடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓசூரில் பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவன். பட்டா, வில்லங்கம், பி.எஃப். க்ளெய்ம், பஸ் டிக்கெட், பயோடேட்டா பிரிண்ட் என்று பொழுது ஓடும். கொஞ்ச காலமாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. "அண்ணா, என் பேரைப் போட்டா நெட்ல என்ன வருதுன்னு பாருங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பொழுது போகாமல் தன் பெயரைத் தேடிப் பார்க்கிறவர்கள் உண்டு. இவர்கள் அந்த ரகம் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்தவன் மாதிரி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே வராது. ஐ.டி.ஐ. முடித்த பையனைப் பற்றி கூகுளுக்கு என்ன தெரியும்? மிஞ்சிப்போனால் எருது விடும் விழாவில் எடுத்த ரீல்ஸ் ஒன்று, பாஸ்வேர்டு மறந்துபோன ஃபேஸ்புக் கணக்கு ஒன்று, ஏதோ ஒரு கல்லூரி இணையத்தில் ஏற்றிவிட்டு மறந்துபோன பட்டியலில் பெயரும் போன் நம்பரும். சிலருக்கு வேறு யாருடைய சமாச்சாரமோ வரும். இன்னும் சிலருக்கு, எதற்குப் பயந்து வந்தார்களோ அதுவே வரும்: ஒரு வழக்கு.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குப் பழக்கம்தான். அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு அதில் பாதி படுவதில்லை என்பதால் இங்கே விவரமாகவே எழுதுகிறேன். இ-கோர்ட்ஸ் தளத்தில் தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேர்ந்தெடுத்து, நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரில் மூன்று எழுத்தாவது போட்டு, ஆண்டைப் போட்டு, கேப்சாவையும் தட்டினால் ஒரு பட்டியல் வரும். வரிசை எண், வழக்கு எண், யாருக்கு எதிராக யார். ஒரு பக்கம் அரசு சார்பில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். எதிர்ப்பக்கம் நம் பையன் பெயர். அவ்வளவுதான். எந்தப் பிரிவில் வழக்கு, முடிந்ததென்றால் எப்படி முடிந்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. ஓரத்தில் இருக்கும் 'வியூ' என்பதை அழுத்தி உள்ளே போனால்தான் 'அக்விட்டெட்' என்ற சொல் கண்ணில் படும். முதல் பக்கத்தில் விடுதலை ஆனவனும் தண்டனை பெற்றவனும் ஒரே மாதிரி ஒரு வரியாகத்தான் நிற்கிறார்கள். நாள் முழுக்கப் பெயர் பார்க்கிற வேலையில் இருப்பவர் எத்தனை பேருக்கு 'வியூ' அழுத்துவார்?

நம் பக்கத்தில் பையன்கள் மேல் வழக்கு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரி 2ஆம் தேதி சூளகிரி பக்கம் கோபசந்திரத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அன்று நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட வண்டிகளில் உங்கள் ஷிஃப்ட் பஸ்ஸும் இருந்திருக்கலாம். எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துவிட்டது. பல மணி நேரம் வண்டி நகரவில்லை. கல்வீச்சு, தடியடி, கைது, வழக்கு. அந்தக் கூட்டத்தில் கல் எறிந்தவனும் இருந்தான், எருதைப் பார்க்க வந்தவனும் இருந்தான், பஸ் நின்றுவிட்டதே என்று இறங்கி எட்டிப் பார்த்தவனும் இருந்திருப்பான். யார் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர். அதைச் சொல்லாது.

அதற்கும் முன்னால் 2020 ஊரடங்கு. ஜூஜூவாடியில் எல்லையை அடைத்து, இ-பாஸ் கேட்டு நிறுத்திய காலம். வீட்டை விட்டு டூவீலரை எடுத்தவன் மேலெல்லாம் இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில் வழக்கு பாய்ந்தது. மாநிலம் முழுக்க அப்படிப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இத்தனைக்கும், 188ஆவது பிரிவில் போலீசார் தாங்களாகவே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொல்லியிருந்தது. சம்பந்தப்பட்ட அரசு அலுவலர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் முறையிட்டால்தான் அந்த வழக்கு நிற்கும். அரசே வேண்டாம் என்று விட்ட வழக்கு, நீதிமன்றமே செல்லாது என்ற வகை வழக்கு. உங்கள் 'செக்'கில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது என்றால் எப்படி?

எஃப்.ஐ.ஆர். இணையத்துக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியுமா? யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. யாருக்காக இந்த உத்தரவு? குற்றம் சாட்டப்பட்டவனுக்காக. தன் மேல் என்ன வழக்கு என்று தெரியாமல், நகல் வாங்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறவன் உடனே ஜாமீனுக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று போட்டது. அவனைக் காப்பாற்றத் திறந்த கதவு. அதன் வழியாக நீங்கள் உள்ளே வந்து அவன் வேலையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் எந்த ஊர்ச் சந்தையிலாவது நின்று "முனிராஜ்" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். எத்தனை தலை திரும்பும்! முனிராஜ், நாகராஜ், மஞ்சுநாத், வெங்கடேஷ், சீனிவாசன், திம்மராயன். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, பஸ் ஏறி அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போகிற ஊர் இது. அப்பா பெயர் டி.சி.யில் முனியப்பா, ரேஷன் கார்டில் முனியப்பன். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால். பெயர் பொருந்தவில்லை என்று பி.எஃப். க்ளெய்ம் திரும்பி வந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு, "இவரும் அவரும் ஒருவரே" என்று சான்று சொல்கிறவர்கள் நீங்கள்தானே? ஒரே ஆளின் இரண்டு காகிதத்தைப் பொருத்துவதற்கே மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிற நாம், தேடலில் வந்த வழக்கு அந்தப் பையனுடையதுதான் என்று மட்டும் எப்படிப் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகிறோம்? பல வழக்குகளின் பட்டியல் வரியில் தகப்பன் பெயர்கூட இருப்பதில்லை.

பெயரை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்று மாவட்டம் முழுக்க ஒரு பாடம் நடந்ததே, 2025 நவம்பரில். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் உங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிப் பிடியுங்கள் என்றார்கள். என் கடை வாசலில் அந்த நாட்களில் நின்ற கூட்டம் ரேஷன் கடையில்கூட நிற்காது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்ததே 2004 பிப்ரவரி 9இல்தான். அதற்கு முந்தைய பட்டியல் என்றால் தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தேட வேண்டும். இடையில் தொகுதி மறுவரையறை வேறு நடந்திருக்கிறது. ஐம்பது வருடம் ஒரே தெருவில் குடியிருக்கும் பெரியவருக்குத் தன் பெயர் அகப்படவில்லை. மகள் பெயர் வேறு எழுத்துகளில் இருந்தது. மருமகள் பெயர் ஆனேக்கல் பக்கத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று கர்நாடகத் தளத்தில் தேடினோம். டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை.

அந்தத் திருத்தத்தின் மேல் ஆயிரம் விமர்சனம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட்டார்கள்: இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு. உயிரோடு இருப்பவர் வந்து "நான் சாகவில்லை" என்று சொல்ல அவகாசம் கொடுத்தார்கள், அதற்குப் படிவம் கொடுத்தார்கள். ஒரு ஓட்டுக்கே இவ்வளவு நடைமுறை இருக்கிறது. ஒருவனுடைய சோற்றை முடிவு செய்கிற உங்கள் பட்டியலில் காரணமும் கிடையாது, அவகாசமும் கிடையாது.

தேடலில் வந்த பெயரால் வாழ்க்கை முடங்கியது என்று நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. நம் மாநிலத்து வழக்கு ஒன்று சட்ட வட்டாரத்தில் பிரபலம். அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் கேட்டதே அதைத்தான். கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. விடுதலை கிடைத்தும் பயனில்லை. பெயரைத் தட்டினால் இந்தியன் கானூன் தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பு, குற்றச்சாட்டு முழுவதோடும் வந்து நிற்கிறது. ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று முறையிட்டார். 2021இல் அவர் மனுவை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னார்; ஆனால் அதற்கென்று சட்டம் வராத நிலையில் நீதிமன்றம் தானாகப் பெயரை நீக்க முடியாது என்று அந்த ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரி 27இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தீர்ப்பை அந்தத் தளத்திலிருந்து எடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 24இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை இணையத்திலிருந்து எடு என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பது அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் கவலை.

டெல்லியில் இன்னொரு வழக்கு. இந்திய வம்சாவளி அமெரிக்கர் ஒருவர் இங்கே வந்தபோது போதைப்பொருள் வழக்கில் சிக்கினார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமெரிக்கா திரும்பிச் சட்டம் படித்தார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலெல்லாம் கூகுள் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தேடலில் வராதபடி செய்ய இடைக்கால உத்தரவு போட்டது. ஐரோப்பாவில் 2014 மே 13இல் வந்த தீர்ப்பு இந்த விவாதத்துக்கெல்லாம் மூத்தது. 1998இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையில் வந்த கடன் ஏல அறிவிப்பு பத்து வருடம் கழித்தும் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் போட்ட வழக்கு அது. பத்திரிகைப் பக்கம் இருக்கட்டும், அவர் பெயரைத் தேடினால் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தாதே என்று கூகுளுக்கு உத்தரவு வந்தது.

எனக்கு அழிப்பதில் ஆர்வம் இல்லை. நீதிமன்றம் திறந்த வெளியில் நடக்க வேண்டும், தீர்ப்பு எல்லோர் கைக்கும் கிடைக்க வேண்டும். சுஷாந்த் சின்ஹா 2008இல் தொடங்கிய அந்த இந்தியன் கானூன் தளத்தை நம்பித்தான், ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சட்டப் புத்தகம் வாங்க முடியாத ஓசூர் ஜூனியர் வக்கீல்கள் தொழில் செய்கிறார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் கடைசியாக என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கிற காலத்தில், இங்கே முகம் தெரியாத ஒருவர் தினம் தினம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

பெண் பிள்ளைகள் என் கடைக்குத் தங்களைத் தேடிப் பார்க்க வருவதில்லை. விடுதி அறையில், சொந்த போனில், யாரும் பார்க்காதபோது தேடுகிறார்கள். அவர்களுடைய பயம் வேறு. 2025 நவம்பரில் நாகமங்கலம் பக்கத்துப் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் கேமரா இருந்தது வெளியே வந்து, பெண்கள் இரவு முழுக்கத் திரண்டு போராடியது நம் ஊர்ச் செய்தி. கைது நடந்தது. ஆனால் அந்தக் கட்டிடத்தில் தங்கியிருந்த ஒவ்வொரு பெண்ணும், அவள் ஊர் தருமபுரியோ திருநெல்வேலியோ ஒடிசாவோ, 'நான் எங்காவது வந்திருக்கிறேனா' என்று தேடியிருப்பாள். அப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டால், அவள் புகார் கொடுக்க வேண்டியவள் என்பதை மறந்துவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அத்தகைய படத்தை நீக்கச் சொல்லின. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், 48 மணி நேரத்தில் அத்தனை இடத்திலிருந்தும் எடு என்று மத்திய அரசுக்கே உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அவளுக்குச் சொல்வது உங்கள் கடமை. அவள் பயோடேட்டாவை ஓரமாக வைப்பது, படம் எடுத்தவனுக்குச் செய்கிற உதவி.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வேலைக்கு நூறு பேர் வந்து நிற்கிறார்கள். மேலே இருக்கும் வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட்டில் "எல்லாருக்கும் வெரிஃபிகேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்கிறது. ஆயிரக்கணக்கில் பெண்கள் தங்கும் விடுதிக்கு வார்டனையோ டிரைவரையோ எடுக்கும்போது விசாரிக்காமல் எடுத்தால் அதுதான் குற்றம். தேடாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். போக்சோ வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஆளை விடுதி வேலைக்கு எடுக்காதீர்கள். ஆனால் அந்த எச்சரிக்கையும், எருது விடும் விழாவுக்குப் போன பையனைக் கழித்துக்கட்டுவதும் ஒரே கணக்கில் சேராது.

சட்டமும் மெல்ல, சரிபார்த்து முடிவெடு என்கிற பக்கம்தான் வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 8ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவரைப் பாதிக்கும் முடிவு எடுக்க அவருடைய தகவலைப் பயன்படுத்துகிறவர், அது முழுமையானதா, சரியானதா என்று உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சட்டப்படி ஏற்கெனவே பொதுவெளிக்கு வந்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சொல்லட்டும். பாதி விவரத்தை வைத்து முடிவெடுப்பது கம்பெனிக்கே நஷ்டம் என்பதற்குச் சட்டப் பிரிவு தேவையில்லை.

அமெரிக்காவில் ஆள் எடுக்கிற கம்பெனி, வெளி ஏஜென்சியிடம் வாங்கிய அறிக்கையை வைத்து ஒருவரை நிராகரிக்கப் போகிறதென்றால், அதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். 1970இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தில் பின்னால் சேர்த்த விதி. உங்கள் கம்பெனிகளில் பல அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்புகின்றன. தரக்கட்டுப்பாட்டில் அவர்கள் கேட்பதையெல்லாம் எழுத்து பிசகாமல் செய்கிறோம். இதை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

நம் உச்ச நீதிமன்றமும் 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் இதை ஒட்டிப் பேசியிருக்கிறது. அரசு வேலைக்கான வெரிஃபிகேஷன் படிவத்தில் வழக்கை மறைத்தவர்கள் பற்றிய விவகாரம். மறைப்பது தவறு என்றது நீதிமன்றம். கூடவே, இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமாக இருந்தால் வேலை கொடுப்பவர் அதை மன்னித்துவிடலாம் என்றது. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசு வேலைக்கே இந்த அளவுகோல் என்றால், அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குகிற வேலைக்கு அதைவிடக் கறாராக என்ன வேண்டிக் கிடக்கிறது?

இந்தத் தீர்ப்பைச் சொல்லித்தான் பையன்களுக்கு நான் புத்தி சொல்கிறேன். மறைக்காதே. விடுதலை ஆகியிருந்தால் நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கு. மார்க் ஷீட்டோடு சேர்த்து ஃபைலில் வை. கேட்டால் நீயே எடுத்துக் காட்டு. அவர்களும் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் கேட்கவே கேட்காத இடத்தில் எதை எடுத்துக் காட்டுவது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு.

ஒன்று, காட்டுங்கள். ஒருவரை நிறுத்தி வைக்கக் காரணமானது எதுவாக இருந்தாலும், அந்தப் பக்கத்தின் பிரிண்டையோ லிங்க்கையோ அவருக்கு அனுப்புங்கள். தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். கன்னடமோ தெலுங்கோ இந்தியோ மட்டும் தெரிந்தவருக்கு அந்த மொழியில் போனில் சொல்லுங்கள். பதில் சொல்ல ஏழு நாள் கொடுங்கள். அதுவரை அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டு, பொருத்திப் பாருங்கள். பெயர் ஒத்துப்போவது போதாது. தகப்பன் பெயர், வயது, ஊர், போலீஸ் நிலையம் என்று வேறு விவரங்களும் ஒத்துப்போனால்தான் அது அந்த ஆள். சந்தேகம் என்றால் சந்தேகத்தின் பலன் அவனுக்கு.

மூன்று, முடிவைப் பாருங்கள். விடுதலை, ரத்து, அரசு திரும்பப் பெற்றது, இந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கு என்றால் என்ன குற்றச்சாட்டு, கொடுக்கப்போகும் வேலை என்ன, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று பாருங்கள். பதினெட்டு வயதுக்குள் நடந்ததைத் தொடவே தொடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சிறு வயதுக் குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதி இழப்பும் வரக்கூடாது என்று பொதுவிதியாகவே வைத்திருக்கிறது.

நான்கு, பரப்பாதீர்கள். எச்.ஆர். வாட்ஸ்அப் குழுக்களில் பெயர்ப் பட்டியல் சுற்றுகிறது என்று பையன்கள் சொல்கிறார்கள். ஒரு கம்பெனியில் நெகட்டிவ் என்றால் அந்த வட்டாரத்தில் எந்தக் கேட்டும் திறக்காது என்பது இங்கே பரவலான நம்பிக்கை. அது பொய் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உண்மை என்றால் நிறுத்துங்கள். எடுக்காத ஆளைப் பற்றிச் சேர்த்த விவரத்தை உங்கள் கணினியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் சங்கம் கூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை, அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். சிப்காட்டில் ஒரு கம்பெனி தொடங்கினால் பக்கத்து ஷெட் பார்த்துச் செய்யும். கேன்டீன் சாப்பாடும் பஸ் வசதியும் அப்படித்தானே பரவின?

ஆள் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் உரிமை. எதனால் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்வது அவன் உரிமை. ஒரு மெயில் தட்டிவிடுங்கள். அதற்குப் பதில் எழுதத் தெரியாதவன் யாராவது இருந்தால் என் கடைக்கு அனுப்புங்கள். காசு வாங்காமல் நானே டைப் அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓசூர் பிரௌசிங் சென்டர்காரன்